பூஜையில் இருந்த ஜாக்கி

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த இரும்பின் மேல் அரைத்த சந்தனத்தைப் பூசிக் காயவிட்டால் ஒரு வாசனை வரும். மண்ணெண்ணெய் என்றும் சொல்ல முடியாது, சந்தனம் என்றும் சொல்ல முடியாது. மட்டாஞ்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் நவராத்திரி முடிகிற நாட்களில் அந்த வாசனைதான் நிறைந்திருக்கும். வாசலைத் தாண்டினால் கிடங்குகளிலிருந்து வரும் சுக்கும் மிளகும் மூக்கைத் துளைக்கும், உள்ளே வந்தால் சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைத்த அப்பாவின் ஜாக்கியும் வீல் ஸ்பானரும் சந்தனப் பொட்டோடு மணக்கும். மற்றவர்களுக்கு நவராத்திரி என்றால் என்னென்ன நினைவுக்கு வருமோ தெரியாது, எனக்கு அந்த வாசனையும் அதோடு சேர்ந்து ஒரு பாலத்துச் சரிவும் வரும். நாற்பதைத் தாண்டிய பிறகும் அது போகவில்லை.

அப்பா டாக்ஸி ஓட்டினார். நகராட்சி வேலைக்கென்று தெற்கேயிருந்து வந்து கொச்சியிலேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அப்பா ஓட்டிய பழைய அம்பாசிடர் ஒரு முதலாளியுடையது என்றாலும், அதை அவர் துடைத்து வைத்திருந்த அழகைப் பார்த்தால் முதலாளியே அனுமதி கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றும். "பதறாத காரியம் சிதறாது" என்று நாளுக்கு நாலு தடவை சொல்வார். அதனால் ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே "பதறாத சேட்டன்", பதறாத அண்ணன். வழியில் டயர் பஞ்சரானால் மற்ற டிரைவர்கள் சக்கரத்தை மாற்றிவிட்டுச் சாயாவும் குடித்து முடிக்கிற நேரத்தில் அப்பா இன்னும் முட்டுக்கட்டை வைத்துக்கொண்டிருப்பார் என்று கேலி செய்வார்கள். கேலியில் பொய் ஒன்றும் இல்லை. சமதரை பார்த்து நிறுத்தி, கைபிரேக் போட்டு, கியரில் விட்டு, தரையில் நிற்கப்போகிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்து, வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் இளக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் ஜாக்கியைத் தொடுவார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு நாள் பதறினார். அந்தப் பதற்றத்துக்குக் காரணம் நான்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜையும் மலையாளிகளின் "பூஜைவைப்பு" என்ற வழக்கமும் ஒன்றாகக் கலந்துபோயிருந்தன. அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் பூஜையில் வைத்தால் தசமி காலையில்தான் எடுக்க வேண்டும். நடுவில் தொடக் கூடாது. எழுதக் கூடாது, படிக்கக் கூடாது என்பதால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அப்பா வண்டியின் டிக்கியைத் திறந்து ஜாக்கி, ஜாக்கியைச் சுற்றும் கம்பி, வீல் ஸ்பானர், முட்டுக்கட்டைகள் என்று ஒன்று விடாமல் எடுத்துக் கழுவி, என் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைப்பார். டிக்கியில் மிஞ்சுவது "ஸ்டெப்னி" என்று நாங்கள் சொல்லும் மாற்றுச் சக்கரம் மட்டும். அதைத் தூக்கி வந்து முன்னறையில் வைக்க இடமில்லை என்பதால் அதற்கு டிக்கியிலேயே ஒரு பொட்டு. வண்டி சந்து முனையில் மாலையோடு நிற்கும். தசமியன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் நகரும்.

அக்கா எனக்குப் பதினொரு வயது, தம்பி பாலுவுக்கு நாலு. நவமியன்று மத்தியானம் அம்மா அடுக்களையில் இருந்தாள், அப்பா சந்து முனையில் வண்டிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். முன்னறையில் நானும் பாலுவும் மட்டும். சாமிக்கு முன்னால் பெரிய தாம்பாளத்தில் பொரியும் அவலும் வெல்லமும் வேர்க்கடலையும் கலந்து வைத்திருந்தது. சாயங்காலம் கற்பூரம் காட்டுகிற வரைக்கும் அதில் கை வைக்கக் கூடாது. "படையல்ல கை வச்சா கண்ணு போயிடும்" என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடலையாகப் பொறுக்கினேன். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்ற புத்திசாலித்தனம்.

ஒவ்வொரு கடலையாக மேலே எறிந்து வாயால் பிடிப்பது பள்ளிக்கூடத்தில் நாங்கள் பழகிய விளையாட்டு. பாலு அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு எதிரே வந்து நின்றான். நான் எறிந்தேன். முதல் கடலை நெற்றியில் பட்டது, இரண்டாவது மூக்கில். மூன்றாவதை எறியும்போது நான் முகத்தைக் கோணிக் காட்டினேன், அவன் கெக்கலி கொட்டிச் சிரித்தான், கடலை நேராக உள்ளே போனது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை என்னால் இன்றுவரைக்கும் மறக்க முடியவில்லை. கண்கள் பிதுங்கி, முகம் சிவந்து, குழந்தை இருமினான் இருமினான், இருமிக்கொண்டே இருந்தான். நான் முதுகில் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றது. அப்பாடா, விழுங்கிவிட்டான் என்று நினைத்து, தாம்பாளத்தில் பொரியைக் கிளறிப் பள்ளம் தெரியாமல் சரி செய்தேன்.

அரை மணி நேரத்தில் பாலுவின் மூச்சில் மெல்லிய விசில் கேட்க ஆரம்பித்தது. அவனுக்கு மழைக்காலத்தில் இழுப்பு வருவது உண்டு. அக்கம்பக்கத்து மலையாளத்தில் அதை "வலிவு" என்பார்கள். அம்மா அதுதான் என்று முடிவு செய்து நெஞ்சில் தைலம் தேய்த்தாள், வெந்நீர் ஆவி காட்டினாள். விசில் குறையவில்லை, விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. "எதாவது தின்னானா?" என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். ஏன் அப்படித் தலையாட்டினேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். படையலில் கை வைத்ததைச் சொல்ல வேண்டும், அது ஒரு பயம். தம்பியின் வாயில் எறிந்ததைச் சொல்ல வேண்டும், அது அதைவிடப் பெரிய பயம். முதல் பொய் சொல்லியாகிவிட்டது, இனி அதை மாற்றினால் இரண்டு குற்றம் என்பது மூன்றாவது பயம். பயத்துக்கு மேல் பயமாக அடுக்கிக்கொண்டு வாயை மூடி நின்றேன்.

மூன்று மணி இருக்கும், பாலுவின் உதடு நிறம் மாறியது. பக்கத்து கிளினிக் டாக்டர் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தார். வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டர் எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்பா சாவியை எடுத்தார். "பூஜை எடுக்காம வண்டிய எடுக்கிறதா?" என்று அம்மா ஒரு நொடி தயங்கினாள். "சாமிக்கும் பிள்ளைங்க இருக்கு, வேகம் வா" என்றார் அப்பா. மாலையைக்கூடக் கழற்றாமல் வண்டி கிளம்பியது. முன்னறையில் வாழையிலையின் மேல் ஜாக்கியும் ஸ்பானரும் இருந்ததை நான்கு பேரும் தாண்டிக்கொண்டுதான் வெளியே வந்தோம். யாருக்கும் அது உறைக்கவில்லை.

எர்ணாகுளம் போக அன்றைக்கு எங்களுக்கு இருந்தது தோப்பும்படியின் பழைய பாலம்தான். பாலத்துக்கு ஏறுகிற சரிவில் பாதி தூரம் போயிருப்போம், பின்னால் இடது பக்கம் "டப்" என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நொண்டியது. அப்பா ஓரம் கட்டி இறங்கி டயரைப் பார்த்தார். சிரமமில்லை, மாற்றிவிடலாம் என்கிற முகத்தோடு டிக்கியைத் திறந்தார். பின் கண்ணாடிக்கு வெளியே டிக்கி மூடி எழுந்து நின்றது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மூடி அப்படியே நின்றது. அம்மா பாலுவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்தாள். "ஐயோ, பூஜையில இருக்கே" என்றாள்.

எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டியை எடுத்ததால் இல்லை, நான் படையலில் திருடியதால்தான் டயர் வெடித்தது என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்தது. சாமி கண்ணைக் குத்தவில்லை, அதற்குப் பதிலாக டயரைக் குத்திவிட்டது.

பாலத்தின் ஒரு பாதியை எங்கள் வண்டி அடைத்துக்கொண்டிருந்தது. பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்தன. எர்ணாகுளம் போகிற ஓர் ஆட்டோ எங்களைத் தாண்டும்போது அம்மா நடுரோட்டில் போய் நின்று கையை நீட்டினாள். உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர். குழந்தையைப் பார்த்ததும் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். நான் ஓடிப் போய் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தேன். "நீ அப்பாகூட இரு" என்று அம்மா என் கையை எடுத்துவிட்டாள். அங்கே இடமில்லை, அதனால் சொன்னாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துபோய் என்னைத் தள்ளிவிட்டாள் என்றே நான் நினைத்தேன். ஆட்டோ பாலத்தின் மேடேறி மறைந்தது. தம்பிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் இந்தப் பக்கம் நின்றேன்.

அப்பா என்னைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினார். பாலத்தடியில் வரிசையாகச் சின்னச் சின்ன வொர்க்‌ஷாப்புகள் உண்டு. அன்றைக்கு நவமி, ஷட்டருக்கு ஷட்டர் மாவிலைத் தோரணமும் சந்தனப் பொட்டும். உள்ளே எத்தனை ஜாக்கிகள் இலையில் உட்கார்ந்திருந்தனவோ! கிறிஸ்தவர் ஒருவருடைய வெல்டிங் கடை மட்டும் பாதி ஷட்டர் திறந்திருந்தது. அவர் ஜாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு, சிலுவை வடிவத்தில் நாலு வாய் உள்ள ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்குப் பின்னால் நிதானமாக நடந்து வந்தார். கரடுமுரடான முகம், கைலி, உடம்பெல்லாம் நெருப்புப் பொறி பட்ட தழும்பு. ஸ்டெப்னி மட்டும் கிடந்த டிக்கியை எட்டிப் பார்த்தார். விஷயத்தை அப்பா சொன்னதும், "தெய்வத்தினு எந்தினா சேட்டா ஸ்பானர்?" என்று கேட்டார், சாமிக்கு எதற்கு ஸ்பானர் என்று. வேறு நாளாக இருந்தால் அப்பாவே சிரித்திருப்பார்.

அப்பா அந்தச் சரிவிலேயே ஜாக்கியைச் சொருகக் குனிந்தார். சமதரை தேடித் தெருத்தெருவாகப் போகிற மனிதர், மூக்கு மேல் நோக்கி நிற்கும் வண்டிக்கடியில் முட்டுக்கட்டை இல்லாமல் ஜாக்கி வைக்கப் போனார். வெல்டிங் சேட்டன் காலால் ஜாக்கியைத் தள்ளிவிட்டார். "கயற்றத்தில் வெக்கல்லே" என்றார். ஏற்றத்தில் ஜாக்கி நிற்காது, வண்டியைப் பின்னாலேயே உருட்டிக் கீழே சமதரைக்குக் கொண்டு போகலாம் என்றார். காற்றில்லாமல் உருட்டினால் டயர் கிழிந்துபோகும் என்று அப்பா முனகினார். "டயர் போயால் டயர். ஆளு போயாலோ?" என்று கேட்டுவிட்டு, அப்பாவின் பதிலுக்குக் காத்திராமல் பின்னால் நின்ற பஸ்ஸையும் லாரியையும் கையைக் காட்டி ஒதுக்க ஆரம்பித்தார்.

வண்டி நொண்டிக்கொண்டே பின்பக்கமாக இறங்கியது, நான் சுவரோரமாகக் கூடவே இறங்கினேன். பாலத்தடியில் ரோட்டைவிட்டு விலகிய காங்கிரீட் தரையில் நிறுத்தினார்கள். சேட்டன் ஒரு பூவரசுக் கொம்பை ஒடித்து, வருகிற வண்டிகளுக்குத் தெரியும்படி தூரமாகக் கொண்டு போய் ரோட்டில் போட்டார். இரண்டு பெரிய கருங்கல்லைத் தூக்கி வந்து முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அடைத்தார். என்னைப் பார்த்து, "மோளே, ரோட்டில நிக்கல்லே, அங்ஙோட்டு மாறி நில்லு" என்றார், மகளே, ரோட்டில் நிற்காதே என்று தன் கடை வாசலைக் காட்டினார். ஒவ்வொரு காரியத்துக்கும் அவர் எடுத்துக்கொண்ட நேரம் என் நெஞ்சில் கல்லாக விழுந்தது. ஆட்டோ இந்நேரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவைத் தாண்டியிருக்கும், இந்நேரம் அடுத்த பாலம், இந்நேரம் ஆஸ்பத்திரி வாசல், டாக்டர் அம்மாவிடம் கேட்டிருப்பார், அம்மா இல்லை என்று தலையாட்டியிருப்பாள் என்று நான் மனதுக்குள் அவர்கள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.

ஸ்பானரின் நாலு வாயில் மூன்றாவது வாய் நட்டுக்குப் பொருந்தியது. வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கினார்கள், பிறகு ஜாக்கி மெல்ல மெல்ல வண்டியைத் தூக்கியது. சேட்டன் ஸ்டெப்னியை எடுத்து வண்டியின் அடியில் படுக்கவைத்தார். எதற்கு என்று அப்போது புரியவில்லை. கழன்ற நட்டுகளைச் சக்கரத்தின் மூடியான வீல் கப்பில் போட்டு, "இது நீ பிடிச்சோ" என்று என் கையில் கொடுத்தார். பழைய சக்கரம் துருவேறி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அப்பா இரண்டு கையாலும் பிடித்து ஆவேசமாக இழுத்தார். வண்டி மொத்தமும் ஒரு பக்கமாக அசைந்தது. ஜாக்கி சாய்ந்தது. அப்பாவின் முழங்கால் வண்டிக்கடியில் இருந்தது. கருங்கல் பிடித்துக்கொண்டதால் சக்கரம் உருளவில்லை. வண்டி ஆடி நின்றது. விழுந்திருந்தாலும் முதலில் ஸ்டெப்னியின் மேல்தான் விழுந்திருக்கும் என்று பின்னால் யோசித்தபோது தெரிந்தது. சேட்டன் அப்பாவைத் தோளைப் பிடித்து எழுப்பி ஒதுக்கிவிட்டு, வண்டியை இறக்கி, ஜாக்கியை நேராக வைத்து மறுபடியும் தூக்கி, சக்கரத்தைக் காலால் பக்கவாட்டில் நாலு உதை உதைத்துக் கழற்றினார்.

ஸ்டெப்னி அதன் இடத்தில் ஏறியது. இனி நட்டுதான். அப்பா என் பக்கம் கையை நீட்டினார். என் கையிலிருந்த வீல் கப்புக்குள் நட்டுகள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. நிறுத்த முயன்றேன், முடியவில்லை. "எந்தினா மோளே இங்ஙனெ விறைக்குன்னது?" என்று சேட்டன் கேட்டார். ஏன் இப்படி நடுங்குகிறாய் என்று ஒரு அந்நியர் கேட்ட அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. அம்மா கேட்டபோது வராத சொல் அப்போது தானாக வந்தது.

"அப்பா, பாலு கடலை தின்னான். நான்தான் எறிஞ்சேன். சிரிச்சுக்கிட்டே உள்ள இழுத்துட்டான்."

அப்பா என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, பாலத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். ரோட்டில் ஒரு ஆட்டோவும் இல்லை. இரண்டு நட்டை எடுத்துக் கையாலேயே திருகினார். "போதும், இறக்கு, இறக்கு" என்றார். சேட்டன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அப்பா கையை உதறினார், தமிழில் என்னென்னவோ கத்தினார். அப்பா கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சேட்டன் பிடியை விடவில்லை.

"ஈ வீல் பாலத்தில வெச்சு ஊரிப் போயால், டாக்டரோடு ஆரு போயி பறயும் சேட்டா?" என்றார்.

சக்கரம் பாலத்தில் கழன்று போனால் டாக்டரிடம் யார் போய்ச் சொல்வது? அப்பாவின் கை தளர்ந்தது. சேட்டன் நட்டுகளை ஒவ்வொன்றாக என்னிடம் வாங்கினார். ஒன்றைப் போட்டால் அடுத்ததை அதன் எதிர்ப்பக்கம், பிறகு மறுபடியும் எதிர்ப்பக்கம். வண்டியை இறக்கினார். தரையில் சக்கரம் ஊன்றிய பிறகு ஸ்பானரின் மேல் தன் முழு எடையையும் போட்டு ஒவ்வொன்றையும் இன்னொரு சுற்று முறுக்கினார். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான சில நிமிடங்கள் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கடைசியில் கருங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு, "இனி பொய்க்கோ" என்றார், இனிப் போகலாம் என்று. அவர் பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

வண்டி பாலத்தைத் தாண்டித் தீவு ரோட்டில் போகும்போது அப்பா பேசினார். "கடலைய நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் திறக்காதே." நான் சரி என்றேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த சுகம் எனக்கு. அதை யார் தலையில் ஏற்றுகிறார் என்று யோசிக்கத் தெரியாத வயது.

ஆஸ்பத்திரியில் பாலுவின் முகத்தில் ஒரு குழல் வைத்து மருந்துப் புகை விட்டுக்கொண்டிருந்தார்கள், இழுப்புக்குக் கொடுக்கிற அதே மருந்து. எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, அதில் ஒன்றும் தெரியவில்லை என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா உள்ளே போனார். "கடலை தின்னு சாரே. ஞான் ஆணு கொடுத்தது. மேலே எறிஞ்ஞு களிச்சதா" என்றார், நான்தான் எறிந்து விளையாடினேன் என்று. டாக்டரின் முகம் மாறியது. கடலை எக்ஸ்ரேயில் தெரியாது, சொல்லாமல் விட்டிருந்தால் ராத்திரி முழுக்க இழுப்புக்கே பார்த்திருப்போம் என்று சொல்லிக்கொண்டே ஆட்களைக் கூப்பிட்டார். தள்ளுவண்டியில் பாலுவை உள்ளே கொண்டு போனார்கள். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள வேண்டியவள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு, வலது நுரையீரல் குழாயிலிருந்து எடுத்த பாதிக் கடலையை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்கள். பாலு பிழைத்தான். அம்மா அழுது முடித்து அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நாலு வயசுப் பிள்ளைக்குக் கடலை எறிஞ்சு விளையாடுற வயசா உங்களுக்கு?" அதற்கப்புறம் தீபாவளி வரைக்கும் அவரோடு பேசவில்லை.

தசமி காலையில் அப்பா கற்பூரம் காட்டி ஜாக்கியையும் ஸ்பானரையும் எடுத்து டிக்கியில் வைத்தார். பாலத்தடிக்குப் போய் வெல்டிங் சேட்டனிடம் குழந்தை பிழைத்ததைச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புது ஏற்பாடு: ஓட்டை உடைசல் கடையில் வாங்கிய பழைய ஜாக்கி ஒன்று பூஜைக்கு, நல்ல ஜாக்கி வண்டிக்கு. சாமி குறை சொன்னதாகத் தெரியவில்லை.

கல்லூரிக்குப் போகும் வயதில் ஒரு தடவை அப்பாவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "என் மேலன்னா உங்கம்மா ரெண்டு நாள் கோவப்படுவா. உன்னையின்னா ஊரே ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும்" என்றார். அவர் போட்ட இரண்டு நாள் கணக்கு தப்பிப்போனது. சொந்தக்காரர் வீட்டில் அப்பா எந்தக் குழந்தையைத் தூக்கினாலும், "அவர் கையில கடலை இருக்கான்னு பாருங்க" என்று அம்மா சொல்லுவாள். முதல் சில வருஷங்கள் அதில் விஷம் இருந்தது, பிறகு அது வேடிக்கையாகிவிட்டது. கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். எந்தக் குழந்தையையும் அவர் தானாகக் கை நீட்டித் தூக்காமல் போனதை நான் மட்டும் கவனித்தேன். கவனித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

இப்போது தோப்பும்படியில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் பெரிய பாலம் வந்துவிட்டது. நான் ஓட்டுகிற காரில் ஸ்டெப்னியே கிடையாது. ஒரு காற்றடிக்கும் டப்பாவும் பசை நிறைத்த குப்பியும் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் முடியாவிட்டால் போனில் கூப்பிட்டால் ஆள் வருமாம். வெல்டிங் கடை இருந்த இடத்தில் மொபைல் கடை இருக்கிறது. அம்பாசிடர் எந்தக் காயலான் கடையில் போய் முடிந்ததோ. அப்பா போய் இரண்டு வருஷமாகிறது.

போன நவமிக்கு எல்லோரும் அம்மா வீட்டில் கூடினோம். பாலு தன் நாலு வயது மகனோடு வந்திருந்தான். பொரித் தாம்பாளத்தில் குழந்தை கையை நீட்டியதும், "உங்க தாத்தா உங்கப்பனைக் கொல்லப் பாத்த கதை தெரியுமாடா?" என்று அம்மா ஆரம்பித்தாள். பாலு தொண்டையைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் சுவரில் அப்பா படத்தில் இருந்தார். தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாய் இல்லாத இடத்துக்குப் போன பிறகும் அவர் தலையில் என் குற்றத்தை வைத்துச் சிரிக்கிறோம், அதில் நானும் சேர்ந்துகொள்கிறேன் என்பது அன்று என்னை உலுக்கிவிட்டது. வண்டியில் அவர் வாயைத் திறக்காதே என்று சொன்னது அன்றைக்கு ஒரு சாயங்காலத்துக்கு. அதை முப்பது வருஷத்துக்கு நீட்டியது நான்.

அம்மா இன்னும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழில் வருவதையெல்லாம் ஓர் எழுத்து விடாமல் படிக்கிறாள். இதையும் படிப்பாள். அதற்குத்தான் எழுதினேன். எதிரே நின்று சொல்லும் தைரியம் அவளிடம் எனக்கு இன்றும் இல்லை. ஆனால் பாலு மலையாளம் மட்டும் படித்து வளர்ந்தவன், அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவனுக்கு நான் வாயால்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். மகனையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். தாத்தா கடலை எறியவில்லை என்று அந்தக் குழந்தையும் கேட்கட்டும்.